பெங்களூர் மைதானமா, கொழும்பு மண்டபமா? ஒரு மட்டக்களப்பு மெட்டல் ரசிகனின் கணக்கு

சின்னம்மாவின் மகனுக்கு இருபத்திரண்டு வயது. சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசோடு போன கிழமை வந்து என் முன்னால் உட்கார்ந்தான். "அண்ணா, இந்தக் காசுக்குப் பெங்களூர் போய் ஒரு பெரிய இசைக்குழுவைப் பார்க்கலாம். கொழும்பென்றால் இதே காசுக்கு ஐந்தாறு நிகழ்ச்சி பார்க்கலாம். எதைச் செய்ய?" என்று கேட்டான். முடிவை எடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. இரண்டையும் செய்து பார்த்தவன் என்பதால் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

மட்டக்களப்பில் மெட்டல், அதாவது கரகரக்கும் கிற்றாரும் அதிரும் ட்ரம்ஸுமாக வரும் கடும் ரொக் இசை, கேட்பவனைத் தேடி மேடை வருவதில்லை. கோயில் திருவிழாவுக்கு வரும் இசைக்குழு சினிமாப் பாட்டுப் பாடும், நடுவில் பைலா அடிக்கும். கிற்றார்காரர் ஆசைக்கு ஒருமுறை கிற்றாரைக் கரகரக்க விட்டால் அறிவிப்பாளர் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அதோடு சரி. ஆகவே நமக்கு எல்லாமே தூரக் கணக்குத்தான். அதில் இரண்டு தூரம் உண்டு. ஊரிலிருந்து மேடை இருக்கும் நகரம் எவ்வளவு தூரம் என்பது ஒன்று. அங்கே போய் நிற்கும் இடத்திலிருந்து மேடை எவ்வளவு தூரம் என்பது மற்றது. முதல் தூரத்துக்காக வீட்டில் சண்டை நடக்கும். இரண்டாவதைப் பற்றி டிக்கட் வாங்கும்போது ஒருவரும் யோசிப்பதில்லை. என் அனுபவத்தில் காசு வீணாவது அங்கேதான்.

கொழும்பு

கொழும்பு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். உதய தேவியில் ஏறினால் பகல் முழுவதும் ரயிலில்தான் கழியும். ஹபரணைக் காட்டுப் பக்கம் யானைக்காக ரயில் ஊர்ந்தால் கணக்கு இன்னும் நீளும். நிகழ்ச்சி முடிந்து புறக்கோட்டையில் இரவு பஸ் பிடித்தால் பொலன்னறுவை, வெலிக்கந்தை, ஓட்டமாவடி கடந்து விடியும் நேரத்தில் ஊரில் இறங்கலாம். சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில் மண்டையோடு போட்ட கறுப்புச் சட்டையோடு அந்தப் பாதையில் பயணம் செய்ய யாருக்கும் துணிவில்லை. பைக்குள் மடித்துக் கொண்டுபோய், கோட்டை நிலையத்தில் இறங்கிய பிறகு மாற்றிக்கொள்வோம். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. மட்டக்களப்பு வெயிலில் கறுப்புச் சட்டை போடும் தொல்லை மட்டும் அப்படியே இருக்கிறது.

அங்கே போய் யாரைப் பார்ப்பது? ஸ்டிக்மாட்டா 1990களின் கடைசியில் கொழும்பில் உருவான குழு, முதல் இசைத்தொகுப்பு வந்தது 2003 இல். பரனோய்ட் ஏர்த்லிங் கண்டியில் பிறந்தது. இவர்களுக்குப் பின்னால் இன்னும் கடுமையாக வாசிக்கும் இளைய குழுக்கள் வந்தன. பாட்டு பெரும்பாலும் ஆங்கிலம். கூட்டத்துக்குள் பேசுவது சிங்களம், ஆங்கிலம், தமிழ் எல்லாம் கலந்துதான். நான் போன நிகழ்ச்சிகளில் மண்டபம் நிறைந்தாலே சில நூறு பேர்தான் இருப்பார்கள்.

அந்தச் சில நூறு என்பதில்தான் விசயம் இருக்கிறது. ட்ரம்ஸ்காரரின் இரண்டு கால்களும் மிதிப்பது தெரியும். கிற்றார்க் கம்பி அறுந்தால் வாசிப்பவரின் முகம் சுளிப்பது தெரியும். ஒருமுறை நிகழ்ச்சி முடிந்த பின், சற்றுமுன் மேடையில் நின்று தலையைச் சுழற்றிய மனிதர் தன் ஒலிபெருக்கியைத் தானே தூக்கி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு முனையை நான் பிடித்தேன். "எங்கிருந்து?" என்று கேட்டார். "மட்டக்களப்பு" என்றேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கணம் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். பஸ்ஸில் வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

கூத்துப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த நெருக்கம் புதிதல்ல. வட்டக்களரியைச் சுற்றிச் சனம் இருக்கும். அண்ணாவியாரின் மத்தளம் நெஞ்சுக்குள் அடிக்கும். வடமோடிக் கூத்தில் அரசன் வரவு ஆடும்போது எழும் தூசி நம் மடியில் விழும். விடிய விடிய நடந்தாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள். கொழும்பில் முதல் தடவை மெட்டல் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது வானொலியில் கேட்ட எந்தப் பாட்டும் அல்ல, எங்கள் ஊர்க் களரிதான். வடமோடி ஆட்டத்தைப் பார்த்தவனிடம் போய் மெட்டல் ஒரே இரைச்சல் என்று சொன்னால் சிரிப்பான்.

குறையையும் சொல்லவேண்டும். சின்ன மண்டபத்தில் ஒலி பெரும்பாலும் மோசம். நிமிடத்துக்கு 200 தாள அடி என்ற வேகத்தில், ஓர் அடிக்கு நான்கு மிதியாக ட்ரம்ஸ்காரர் இரட்டை மிதிப்பலகையை மிதித்தால் வினாடிக்கு 13 மிதிக்கு மேல் வரும். வெறும் சீமெந்துச் சுவரும் தகரக் கூரையும் உள்ள மண்டபத்தில் ஒரு மிதியின் எதிரொலி அடங்குமுன் பத்து மிதி வந்து விழுந்துவிடும். கடைசியில் காதுக்குக் கிடைப்பது தூரத்தில் போகும் லொறிச் சத்தம். பாடுபவரின் குரல் அதற்கு அடியில் புதைந்துவிடும். இதற்கு நான் கண்ட வைத்தியம் ஒன்றுதான்: ஒலிக் கலவை மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அந்த மேசைக்காரர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். மண்டபத்தில் உருப்படியான ஒலி கிடைக்கும் ஒரே இடம் அவருடைய தோளடிதான். நேரம் இன்னொரு குறை. மாலை ஆறு மணி என்று போட்டிருந்த ஒரு நிகழ்ச்சியில் முதல் கம்பி ஒலிக்கும்போது எட்டரை. கொழும்புக்காரருக்கு அது சிரிப்பு, இரவு பஸ்ஸை நம்பி வந்தவனுக்கு வயிற்றெரிச்சல்.

பெங்களூர்

நம் பக்கத்து ரசிகர்களுக்குப் பெங்களூர் ஒரு கனவாக மாறியது 2007 மார்ச் 17 அன்று. இங்கிலாந்தின் பெரிய மெட்டல் குழுவான அயர்ன் மெய்டன் அங்கே அரண்மனை மைதானத்தில் வாசித்த நாள். அடுத்த வருடம் அதே குழு தன் உலகப் பயணத்தை மும்பையிலேயே தொடங்கியது. குழுவையும் சாமான்களையும் ஏற்றிய போயிங் 757 விமானத்தை ஓட்டியது அவர்களின் பாடகர் புரூஸ் டிக்கின்சன்தான். 2011 ஒக்டோபர் 30 அன்று அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிகா பெங்களூருக்கு வந்தது. 2012 முதல் பெங்களூர் ஓப்பன் எயர் என்று மெட்டலுக்கென்றே ஒரு விழாவும் தொடங்கியது.

2011 இல் நானும் போனேன். ஊரிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து கட்டுநாயக்கா, பிறகு விமானம், பிறகு வாடகை அறை. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்திய விசா தேவை. எல்லாச் செலவையும் கூட்டிப் பார்த்தபோது டிக்கட் விலை ஒரு மூலையில் கிடந்தது. மூன்று மணி நேரத்துக்கும் குறைந்த இசைக்கு நான்கு நாள் விடுமுறை. வீட்டில் சொன்ன காரணத்தை இங்கே எழுதமாட்டேன்.

நான் நின்ற இடத்துக்கும் மேடைக்கும் நூறு மீட்டருக்கு மேல் இருக்கும். ஒலி நூறு மீட்டரைக் கடக்க வினாடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடுக்கும். ஒளிக்கு அந்தத் தாமதம் இல்லை. மேடையில் ட்ரம்ஸ்காரரின் கை விழுந்த பிறகுதான் அடி காதுக்கு வரும். பெரிய மைதானங்களில் நடுநடுவே ஒலிபெருக்கிக் கோபுரங்களை நட்டு, அவற்றின் ஒலியைக் கணக்குப் பார்த்துத் தாமதப்படுத்தி அனுப்புவார்கள். அதனால் பின்னால் நிற்பவருக்கும் தெளிவாகக் கேட்கும். கண்ணுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் எந்தக் கோபுரத்தாலும் சரிசெய்ய முடியாது. கடைசியில் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். மேடையை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த திரையைப் பார்த்தேன். கடல் கடந்து போய்த் திரை பார்த்தவன் என்று என் நண்பர்கள் இன்றைக்கும் கேலி செய்கிறார்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. பெங்களூருக்கு இரண்டு நாள் முன்பு, ஒக்டோபர் 28 அன்று, அதே மெட்டாலிகா டெல்லிக்குப் பக்கத்திலுள்ள குர்கானில் வாசித்திருக்கவேண்டும். கூட்டம் தடுப்புகளைத் தள்ளியதால் நிகழ்ச்சி நடக்கவில்லை. ஆத்திரமடைந்தவர்கள் மேடையில் ஏறிச் சாமான்களை உடைத்தார்கள். நான் டிக்கட் வாங்கியது அந்த நாளுக்காக இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. கொழும்பில் ஒரு நிகழ்ச்சி ரத்தானால் ஒரு கொத்து ரொட்டியைத் தின்றுவிட்டு பஸ் ஏறலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பெங்களூரில் கிடைத்த ஒன்று கொழும்பில் ஒருபோதும் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்: கூட்டம். பல்லாயிரம் பேர் ஒரே வரியைச் சேர்ந்து பாடும்போது, நாம் பாடுகிறோமா இல்லையா என்பதே நமக்குத் தெரியாது. மாமாங்கத் தீர்த்தத்தில் சனத்தோடு சனமாக அள்ளப்பட்டுப் போவது போல. எல்லாக் கைகளிலும் சுட்டுவிரலும் சுண்டுவிரலும் கொம்பாக நிமிர்ந்திருந்தன. அந்த முத்திரையை மெட்டல் உலகத்தில் பரப்பியவர் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ. அவருடைய இத்தாலியப் பாட்டி கண்ணூறு படாமல் இருக்க அப்படி விரல் காட்டுவாராம். நம் அம்மம்மாமார் உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றிப் போடும் அதே வேலை. பக்கத்தில் நின்றவர்கள் சென்னைத் தமிழர்கள். இலங்கை என்று சொன்னவுடன் "யாழ்ப்பாணமா?" என்று கேட்டார்கள். இல்லை, மட்டக்களப்பு என்று விளக்கத் தொடங்கினேன், அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.

வேறு இரண்டு வழி

அறுகம்பை. மட்டக்களப்பிலிருந்து தெற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், பொத்துவிலைத் தாண்டினால் போதும். அலைச்சறுக்குக்கு வெளிநாட்டார் வரும் மே முதல் ஒக்டோபர் வரையான பருவத்தில் கடற்கரை விடுதிகளில் கிற்றார், ட்ரம்ஸ் எல்லாம் ஒலிக்கும். பெரும்பாலும் ரெகே, அல்லது எல்லாருக்கும் தெரிந்த பழைய ரொக் பாட்டுகள். மெட்டலைத் தேடிப் போகாதீர்கள். கல்முனை, அக்கரைப்பற்றுப் பிள்ளைகளுக்கு நேரில் கிற்றார் கேட்பது என்றால் என்ன என்று அறிய அது போதும். எனக்கு அது பசிக்கு விசுக்கோத்து.

வீட்டுத் திரையைப் பற்றி முன்பெல்லாம் ஏளனமாகப் பேசுவேன். 2025 ஜூலை 5 அன்று பேர்மிங்காம் வில்லா பார்க்கில், மெட்டலுக்கு வழி திறந்த குழுவான பிளாக் சபாத்தின் கடைசி நிகழ்ச்சி நடந்தபோது அந்த ஏளனம் போய்விட்டது. மெட்டாலிகா, கன்ஸ் அன் ரோசஸ், ஸ்லேயர் என்று பெரிய குழுக்கள் வரிசையாக வந்து அவர்களுக்கு மரியாதை செய்தன. காசு கட்டி இணையத்தில் பார்க்க வசதி இருந்தது. கோயில்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் ஒரு தம்பியிடம் இரண்டு பெட்டி வாங்கி வந்து, ஐந்து பேர் எங்கள் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்தோம். இங்கிலாந்தின் பகல் நமக்கு இரவு. நள்ளிரவைத் தாண்டி அவர்களின் பாடகர் ஓசி ஒஸ்போர்ன் கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி பாடினார். எழுந்து நிற்க உடம்பு விடவில்லை, குரல் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர் கதவடியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "பாவம் மனே, அந்த மனிசனைப் படுக்க விடுங்கோ" என்றார். பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று, ஓசி இறந்துபோனார். அந்த இரவை எந்த மண்டபத்துக்கும் நான் மாற்றிக்கொள்ளமாட்டேன். ஆனாலும் ஒலிப்பெட்டியைப் பாதிக்கு மேல் திருப்ப முடியவில்லை, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை.

காது

எந்த நகரமாக இருந்தாலும் இதை மட்டும் தம்பியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். மெட்டல் நிகழ்ச்சியில் ஒலி 100 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்று வைத்தால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் அது கால் மணி நேரம்தான். உலக சுகாதார நிறுவனம் 2022 இல் இசை அரங்குகளுக்குச் சொன்ன உச்ச வரம்பும் சராசரி 100 டெசிபல்தான். மருந்துக்கடையில் விற்கும் நுரைப்பஞ்சுச் செருகியே போதும். அதைப் போட்டால் பாட்டுக் கெட்டுப்போகும் என்பார்கள். கொஞ்சம் மங்கலாகக் கேட்கும் என்பது உண்மைதான், ஆனால் காது மிஞ்சும்.

இளமையில் ஒன்றும் போடாமல் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றேன். முழு நிலவு இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள்ளும் மறுமுனையைக் காதிலும் வைத்துப் பாடும் மீனைக் கேட்கும் ஊர்க்காரன் நான். கொழும்பிலிருந்து திரும்பிய பின் மூன்று நாள் என் காதுக்குள் ஏதோ பாடியது. அது மீன் அல்ல.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். முதலில் கொழும்பு, இரண்டு மூன்று தடவை. முன்னால் நின்று பார், விழுந்தவனைச் சுற்றி நிற்பவர்கள் உடனே தூக்கிவிடும் அந்தத் தள்ளுமுள்ளுக்குள் ஒரு தடவை போய் வா, வாசிப்பவரின் கையைப் பார். பெங்களூரைப் பிறகு பார்க்கலாம். அதுவும் முன்பகுதி டிக்கட் வாங்கக் காசு சேர்ந்தால் மட்டும். பின்வரிசைக்கு என்றால் அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஒலிப்பெட்டி வாங்கு.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கைப்பேசியை எடுத்துத் தான் ஏற்கெனவே நிரப்பி முடித்த விசா விண்ணப்பத்தைக் காட்டினான். "நீங்களும் வாங்க அண்ணா, தனியே போக அம்மா விடமாட்டா" என்றான். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் படலையைச் சாத்தியதும் அலுமாரியைத் திறந்து என் கடவுச்சீட்டைத் தேடினேன். காலாவதியாக இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.