கதவு நிலைக்கு எது, அலமாரிக்கு எது? சான்று பெற்ற மரமும் சீக்கிரம் வளரும் மரமும்

பசுமை வீடு கட்ட நினைக்கிறவர்கள் மரவேலைக்கு வந்ததும் இரண்டு விதமான ஆலோசனை காதில் விழும். 'எஃப்.எஸ்.சி. முத்திரை உள்ள மரமாகப் பார்த்து வாங்குங்கள்' என்பார் ஒருவர் (காட்டைப் பொறுப்போடு பராமரித்து வெட்டிய மரத்துக்குச் சான்று தரும் சர்வதேச அமைப்பு அது). 'மரமே வேண்டாம், மூங்கில் போடுங்கள், நாலு வருடத்தில் திரும்ப வளர்ந்துவிடும்' என்பார் இன்னொருவர். ஒரே கேள்விக்கு இரண்டு பதில் போலத்தான் தெரியும். ஆனால் கேள்விகளே வேறு. மரத்தை எப்படி வளர்த்தார்கள், எப்படி வெட்டினார்கள் என்பதற்கு முத்திரை பொறுப்பேற்கிறது. சீக்கிரம் வளரும் பொருள் எத்தனை வருடத்தில் வளர்ந்தது என்பதை மட்டும் சொல்கிறது.

பசுமைக் கட்டடங்களுக்குத் தரப்படும் 'லீட்' தரச்சான்றின் 2009 பதிப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் புள்ளி இருந்தது. 10 ஆண்டுக்குள் அறுவடைக்கு வரும் பொருள்கள் மொத்தப் பொருட்செலவில் 2.5 சதவீதம் இருந்தால் ஒன்று. நிரந்தரமாகப் பொருத்தும் மரத்தின் மதிப்பில் பாதியாவது எஃப்.எஸ்.சி. சான்று பெற்றதாக இருந்தால் இன்னொன்று. 2013-இல் வந்த நான்காம் பதிப்பில், சீக்கிரம் வளர்கிறது என்பதற்கான தனிப் புள்ளியை எடுத்துவிட்டார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. இயற்கைக் காட்டை வெட்டிவிட்டு அங்கே யூகலிப்டஸ் நட்டாலும் அதுவும் சீக்கிரம் வளர்வதுதானே?

அந்த 10 ஆண்டுக் கணக்கில் வேறொரு சிக்கலும் இருந்தது. போர்ச்சுகலின் கார்க் ஓக் மரத்தில் 9 ஆண்டுக்கு ஒருமுறை பட்டை உரிப்பார்கள். அது கணக்கில் சேர்ந்தது. கன்னியாகுமரி ரப்பர் மரம் 25, 30 ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த பிறகு வெட்டப்படுகிறது; அது சேரவில்லை. எப்படியும் வெட்டப்போகிற, நம் பக்கத்திலேயே கிடைக்கிற மரத்தை விட்டுவிட்டுக் கப்பலில் வரும் கார்க்கைத் தேடுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

சரி, முத்திரைக்கு வருவோம். எஃப்.எஸ்.சி. அமைப்பு 1993-இல் தொடங்கியது. '100%', 'மிக்ஸ்', 'ரீசைக்கிள்டு' என்று மூன்று வகை முத்திரை தருகிறார்கள். மிக்ஸ் என்றால் முழுவதும் சான்று பெற்ற காட்டு மரம் என்று நினைத்துவிடாதீர்கள். பெயரிலேயே கலப்பு இருக்கிறது. இதைவிட முக்கியம் சங்கிலி. காட்டிலிருந்து அறுவை மில், மொத்த வியாபாரி, கடைசியாக உங்களுக்கு விற்பவர் வரை, மரம் யார் கைக்குப் போனாலும் அவரிடம் சான்று இருக்க வேண்டும். நடுவில் ஒருவரிடம் இல்லாவிட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். அப்புறம் அது வெறும் மரம்தான்.

என் தங்கை வீட்டுக்கு நிலை வாங்கப் போனபோது கடைக்காரர், "எல்லாம் சர்டிஃபைடு தேக்கு சார்" என்றார். சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றும் தொங்கியது. கொடுத்த பில்லில் 'தேக்கு' என்பதும் கன அடியும் விலையும்தான் இருந்தன. பில்லில் சான்று எண் இருக்க வேண்டும், அதை எஃப்.எஸ்.சி. இணையதளத்தில் போட்டால் யாருடையது, இன்னும் செல்லுமா என்று தெரிந்துவிடும். சுவரில் தொங்குவதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

ஆனால் முத்திரை இல்லாத மரமெல்லாம் திருட்டு மரம் என்றும் சொல்ல மாட்டேன். வரப்போரம் ஐம்பது தேக்கு வைத்திருக்கிற விவசாயிக்குத் தனியாகச் சான்று வாங்குவது கட்டுப்படியாகாது. அவர் தோட்டத்து மரத்தை நேரில் பார்த்து, உரிய காகிதத்தோடு வாங்கினால் எனக்கு அதுவே போதும்.

இனி மூங்கில். வைரம், அதாவது முற்றி இறுகிய கெட்டிப் பகுதி, உள்ளே இருந்தால் அகக்காழ், அது மரம். வெளியே இருந்தால் புறக்காழ், அது புல் என்று பழந்தமிழில் பிரித்தார்கள். மூங்கில் புறக்காழ். வேலைக்கு வந்தால் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். தேக்கின் வைரத்தைக் கறையான் அவ்வளவாகத் தொடாது. மூங்கிலின் உட்புறமோ மாவுச்சத்து நிறைந்தது, பூச்சிக்கு விருந்து. பதப்படுத்தாத மூங்கிலில் போட்ட ஒரு தோட்டத்துக் கொட்டகையைப் பார்த்தேன். தினமும் காலையில் தரையில் மஞ்சள் மாவு சலித்ததுபோல் கொட்டிக்கிடந்தது. கழியைத் தட்டினால் குண்டூசித் துளைகளிலிருந்து இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது. ஒரு வருடம்கூட ஆகாத கொட்டகை அது, அதற்குள் உளுத்துவிட்டது.

போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைத்த மூங்கிலுக்கு இந்தக் கதி வராது. ஆனால் மழை பட்டால் அந்த மருந்து கரைந்து போகும். அதனால் கூரையை நீளமாக இறக்கி, தூணின் அடியைக் கல்லின் மேல் நிறுத்த வேண்டும். இளங்கழியை வெட்டக் கூடாது. மூன்று வயதாவது முற்றியிருக்க வேண்டும். உள்ளே கெட்டியாக இருக்கும் கல்மூங்கில் கிடைத்தால் இன்னும் நல்லது. 2017-இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை 'மரம்' என்ற வரையறையிலிருந்து நீக்கிவிட்டார்கள். பட்டாவில் வளர்த்தவர் வெட்டி விற்பது இப்போது எளிது. மூங்கிலுக்கும் எஃப்.எஸ்.சி. சான்று தருகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றில்லை.

அலமாரி, கட்டில் அடிப்பலகை போன்றவற்றுக்குத் தேக்கை வீணாக்க வேண்டாம். மலைவேம்பு ஆறேழு வருடத்தில் பிளைவுட்டுக்கு ஏற்ற பருமன் வந்துவிடும். தமிழ்நாட்டு விவசாயிகள் நிறையப் பேர் நட்டிருக்கிறார்கள். மென்மையான மரம் என்பதால் கனமான கதவைத் தாங்கும் கீல் இருக்கிற இடத்தில் மட்டும் கெட்டி மரத்துண்டு வைக்கச் சொல்லுங்கள். பிளைவுட்டோ அழுத்திச் செய்த மூங்கில் பலகையோ, எதுவானாலும் பசையை விசாரியுங்கள். ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு கசிகிற பலகையைப் படுக்கையறையில் வைத்துவிட்டு அதைப் பசுமை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

நிலைக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நான் முதலில் தேடுவது சான்று பெற்ற மரத்தையும் அல்ல, சீக்கிரம் வளரும் மரத்தையும் அல்ல, பழைய மரத்தை. இடித்த வீட்டுத் தேக்குக்குக் காரைக்குடியில் கடைகளே இருக்கின்றன. ஒரு நூற்றாண்டு காய்ந்த மரம் இனிமேல் அவ்வளவாக வளையாது, சுருங்காது. ஆனால் அளவு நீங்கள் நினைத்தபடி கிடைக்காது. ஆகவே மரத்தை முதலில் வாங்கிவிட்டு, கதவின் அளவை அதற்கேற்ப வரையச் சொல்லுங்கள். இழைப்பதற்கு முன்னால் ஆசாரியிடம் உள்ளே ஆணி இருக்கிறதா என்று காந்தத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்லவும் மறந்துவிடாதீர்கள்.