முதல் ஆக்சிஸை ஓட்ட எஸ்7-1200ஆ, எஃப்எக்ஸ்5யூவா?

பிஎல்சிக்கு (மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்) புரோகிராம் எழுதும் லேடர் மொழி கைவந்துவிட்டது, ஆனால் மோட்டாரைச் சொன்ன மில்லிமீட்டரில் நிறுத்திப் பழக்கமில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த இரண்டு பிஎல்சிகளில் கற்றுக்கொள்ள சீமென்ஸ் எஸ்7-1200 நல்லது. இரண்டு ஆக்சிஸ் (ஒரு மோட்டார் நகர்த்தும் அச்சு) சேர்ந்து சாய்கோடு போட வேண்டுமென்றால் மிட்சுபிஷி எஃப்எக்ஸ்5யூ.

எதை வாங்கினாலும் டிரான்சிஸ்டர் அவுட்புட் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். எவ்வளவு நகர வேண்டும் என்று மோட்டார் டிரைவுக்குச் சொல்லும் வேகமான பல்ஸ் ரிலே அவுட்புட்டில் வராது.

வேகத்தில் மிட்சுபிஷி முந்துகிறது. நான்கு ஆக்சிஸ், ஒவ்வொன்றுக்கும் 200 கிலோஹெர்ட்ஸ். எஸ்7-1200 வரிசையின் 1214சி சிபியுவிலும் நான்கு ஆக்சிஸ் உண்டு, ஆனால் 100 கிலோஹெர்ட்ஸ் தருவது முதல் நான்கு அவுட்புட் மட்டும்தான். டைரக்‌ஷன் சிக்னலை மற்ற அவுட்புட்டுகளுக்கு மாற்றிவிட்டால் அந்த நான்கும் பல்ஸுக்கே மிஞ்சும். இந்த எண்களைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். சுற்றுக்கு 10,000 பல்ஸ் என்று சர்வோ மோட்டாரை வைத்தால் 100 கிலோஹெர்ட்ஸில் 600 ஆர்பிஎம்தான் கிடைக்கும். டிரைவின் எலக்ட்ரானிக் கியரை (சுற்றுக்கு எத்தனை பல்ஸ் என்ற செட்டிங்) 2,000 பல்ஸாக மாற்றினால் 3,000 ஆர்பிஎம் வரும். சுற்றுக்கு 5 மிமீ நகர்த்தும் பால் ஸ்க்ரூவில் அப்போதும் ஒரு பல்ஸுக்கு 2.5 மைக்ரான். பெரும்பாலான மெஷினுக்கு அது தாராளம்.

வயரிங்கில்தான் புதியவர்கள் அடிபடுகிறார்கள். எஸ்7-1200 அவுட்புட் பிஎன்பி, அதாவது 24 வோல்ட்டை வெளியே தரும் சோர்ஸ் வகை. எஃப்எக்ஸ்5யூவில் சிங்க் (0 வோல்ட்டுக்கு இழுக்கும் வகை), சோர்ஸ் இரண்டும் தனித்தனி மாடலாக வரும். பல ஸ்டெப்பர் டிரைவர்களின் இன்புட் 5 வோல்ட்டுக்கானது. அப்படியானால் பல்ஸ், டைரக்‌ஷன் இரண்டு லைனிலும் 2 கிலோஓம் ரெசிஸ்டர் போடுங்கள். அதைப் போடாமல் நான் ஒரு டிரைவரில் சிக்னலை ஒளி வழியாக வாங்கும் ஆப்டோகப்ளரைப் பறிகொடுத்திருக்கிறேன்.

எஸ்7-1200ஐ நான் முன்னே வைப்பதற்குக் காரணம் மென்பொருள். சீமென்ஸின் டிஐஏ போர்ட்டல் மென்பொருளில் ஆக்சிஸை ஒரு டெக்னாலஜி ஆப்ஜெக்டாக உருவாக்கி, மில்லிமீட்டர் கணக்கைக் கொடுத்துவிட்டால், ஒரு வரி புரோகிராம் எழுதாமலே கன்ட்ரோல் பேனலில் ஜாக் செய்து (பட்டனை அழுத்தி நகர்த்தி) பார்க்கலாம். மோட்டார் எதிர்த்திசையில் ஓடுகிறதா, அளவு சரியா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு ஆக்சிஸை ஆன் செய்ய எம்சி_பவர், தொடக்கப் புள்ளியைப் பிடிக்க எம்சி_ஹோம், சொன்ன இடத்துக்குப் போக எம்சி_மூவ்அப்சல்யூட் என்ற வரிசை. இவை பிஎல்சிஓபன் (பல கம்பெனிகளுக்கான பொதுத் தரம்) வகை பிளாக்குகள் என்பதால் இங்கே கற்றது வேறு கம்பெனி கன்ட்ரோலரிலும் உதவும். எஃப்எக்ஸ்5யூவில் சொன்ன இடத்துக்குப் போக டிஆர்விஏ, இருக்கும் இடத்திலிருந்து நகர டிஆர்விஐ, தொடக்கப் புள்ளிக்குத் திரும்ப டிஎஸ்இசட்ஆர் என்று லேடரிலேயே எழுதுகிறோம். பழைய எஃப்எக்ஸ்3யூவில் பழகியவருக்கு அதுதான் சுலபம். எஃப்எக்ஸ்5யூவின் டேபிள் (நகர்வுகளின் பட்டியல்) வழியாக இரண்டு ஆக்சிஸ் நேர்கோட்டு இன்டர்போலேஷனும், அதாவது முதலில் சொன்ன சாய்கோடும், செய்யலாம். எஸ்7-1200இன் முதல் தலைமுறையில் அது இல்லை.

எதுவானாலும் முதல் நாள் லோடைக் கழற்றிவைத்து ஓட்டுங்கள். லிமிட் சுவிட்ச் இரண்டும் நார்மலி குளோஸ்டாக (அழுத்தாதபோது சர்க்யூட் மூடியிருக்கும் வகையாக) இருக்கட்டும். வயர் அறுந்தாலும் ஆக்சிஸ் நின்றுவிடும்.