பேஸ்புக்கின் ஷேரிங் டீபக்கர்: இணைப்பு முன்னோட்டத்துக்கு ஓர் உரைகல்

ஒரு கட்டுரையின் இணைப்பைப் பேஸ்புக்கில் ஒட்டியதும் விரியும் தலைப்பு, படம், சுருக்கம் ஆகியவற்றைத் தீர்மானிப்பவை, வாசகர் கண்ணில் படாமல் பக்கத்தின் நிரலுக்குள் கிடக்கும் ஓப்பன் கிராஃப் குறிச்சொற்கள். 2010-இல் பேஸ்புக் கொண்டுவந்த இந்த முறையை வாட்ஸ்அப்பும் லிங்க்ட்இன்னும் பின்பற்றுகின்றன. பகிர்பவர் முன்னோட்டத்தைத் தம் விருப்பப்படி திருத்தும் வசதியைப் பேஸ்புக் 2017-இல் நீக்கிவிட்டதால், குறிச்சொல்லில் பிழை இருந்தால் பக்கத்திலேயே திருத்தியாக வேண்டும். அதற்கு உதவும் இலவசக் கருவிதான் ஷேரிங் டீபக்கர். பேஸ்புக் கணக்கு மட்டும் தேவை.

பக்கத்தின் முகவரியை இட்டால், இணையப் பக்கங்களைத் தானாகப் படிக்கும் பேஸ்புக்கின் நிரல் (கிராலர்) எதைப் படித்தது, எந்தப் படத்தை எடுத்தது என்பதை அப்படியே காட்டுகிறது. தளத்தின் சர்வர் தரும் மறுமொழிக் குறியீடாக 206 வந்தால் புதியவர்கள் பதற வேண்டாம். பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் கேட்டுப் பெற்றதையே அது குறிக்கிறது. ஆப் ஐடி (பேஸ்புக்கில் பதிவு செய்த செயலிக்கான அடையாள எண்) இல்லை என்ற எச்சரிக்கையையும் பெரும்பாலோர் கண்டுகொள்ளத் தேவையில்லை. தேவையற்ற இத்தகைய எச்சரிக்கைகள் உண்மையான பிழைகளோடு ஒரே வரிசையில் நிற்பது இக்கருவியின் குறை.

இதன் பெரும்பயன் 'ஸ்க்ரேப் அகெய்ன்' பொத்தான்தான். ஒருமுறை படித்ததைப் பேஸ்புக் சேமித்து வைத்துக்கொள்வதால், தலைப்பைத் திருத்திய பிறகும் பழைய தலைப்பே தோன்றிக்கொண்டிருக்கும். இந்தப் பொத்தானை அழுத்தினால் பக்கம் புதிதாகப் படிக்கப்படுகிறது. வெளியிட்ட கையோடு இதைச் செய்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. படத்தைப் பேஸ்புக் பின்னணியில் தனியாகப் பதப்படுத்துவதால், முதலில் பகிர்பவருக்குப் படமில்லாத முன்னோட்டம் கிடைக்கக்கூடும். முன்கூட்டியே இங்கு சோதித்துவிட்டால், அல்லது படத்தின் அகல உயரங்களை (பரிந்துரைக்கப்படும் அளவு 1200 x 630 பிக்சல்) குறிச்சொற்களிலேயே குறிப்பிட்டுவிட்டால், அந்தச் சிக்கல் நேராது.

ஆனால் இக்கருவியின் அதிகாரம் பேஸ்புக்கின் வாசலோடு நின்றுவிடுகிறது. வாட்ஸ்அப்பில் முன்னோட்டத்தை அனுப்புபவரின் போனே தயாரித்துச் செய்தியோடு சேர்த்து அனுப்புவதால், குழுக்களில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் தவறான தலைப்பை இங்கிருந்து மாற்ற முடியாது. லிங்க்ட்இன்னுக்குப் போஸ்ட் இன்ஸ்பெக்டர் என்ற கருவி தனியாக இருக்கிறது. தமிழ்ச் செய்தி வாசகர்களில் பலர் வாட்ஸ்அப் வழியாகவே இணைப்புகளைப் பெறுவதால், டீபக்கரில் எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், பிறருக்குப் பகிர்வதற்கு முன் அந்த இணைப்பை ஒருமுறை தமக்குத்தாமே வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்ப்பது நல்லது.