ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குமுன் ஜன்னலைப் பாருங்கள்

கல்யாண ஆர்டர் என்றால் டிஜிட்டல், எனக்காக எடுக்கிற படம் என்றால் ரேஞ்ச்ஃபைண்டர் வகைப் பிலிம் கேமரா. கம்பத்தில் ஸ்டுடியோ நடத்தும் எனக்கு இது எப்போதோ முடிவாகிப்போன விஷயம். "அண்ணே, பிலிம் கேமரா ஒண்ணு வாங்கணும், லைக்காவே வாங்கிரவா?" என்று கேட்டுக்கொண்டு கடைக்கு வரும் தம்பிமார் இப்போது கூடிவிட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் வைத்திருப்பவை, பிரித்துப் பழுது பார்த்தவை, நண்பர்களிடம் இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தவை பற்றி மட்டும்.

முதல் பதில்: ரேஞ்ச்ஃபைண்டரில் பேர்போன, விலையும் கூடிய லைக்கா இல்லாமலே ஆரம்பிக்கலாம். கேனன் கேனனெட் கியூஎல்17 ஜி3 ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேல் மூலையில் ஒரு ஜன்னல், சற்றுத் தள்ளி இன்னொரு சின்ன ஜன்னல். இரண்டிலும் நுழையும் பிம்பங்கள் உள்ளே பாதி பூசிய கண்ணாடி ஒன்றில் வந்து சேர்கின்றன. நடுவில் சிறு கட்டம் ஒன்று இருக்கும், அதற்குள் எதிரில் நிற்பவர் இரண்டாகத் தெரிவார். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கும். ஒன்றானதும் அழுத்த வேண்டியதுதான். லென்ஸ் வழியாகவே பார்க்கிற எஸ்எல்ஆரில் எஃப் 3.5 போன்ற சின்னத் துளை லென்ஸ் மாட்டினால் பார்வையும் அந்த அளவுக்கு மங்கிவிடும். இதில் லென்ஸ் எதுவானாலும் ஜன்னலின் வெளிச்சம் குறையாது. உள்ளே கண்ணாடி தூக்கி அடிக்காது, படம் விழுகிற நொடியில் கண் இருட்டாது. கை கொஞ்சம் பழகிவிட்டால் 1/15 நொடிக்குக்கூட ஸ்டாண்ட் இல்லாமல் எடுக்கலாம்.

எங்கள் ஊருக்கு இது ரொம்ப முக்கியம். விடியுமுன்னே ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்புகள் இங்கிருந்து கம்பம்மெட்டு வழியாகக் கேரளாவுக்குக் கிளம்பும். பெண்கள் தூக்குவாளியோடு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒருவர் மடியில் ஒருவர் என்று நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். வெளிச்சம் என்று இருப்பது டீக்கடை டியூப்லைட்டும் பின்னால் நிற்கிற ஜீப்பின் விளக்கும்தான். ஃப்ளாஷ் போட்டால் அந்த முகங்களின் தூக்கக் கலக்கம் அப்படியே ஓடிவிடும். கேனனெட்டின் லென்ஸ் துளையை முழுக்கத் திறந்து எஃப் 1.7, வேகம் 1/30 நொடி என்று வைத்துக்கொள்வேன். இருட்டில் எதை வைத்து ஃபோகஸ் செய்வது? மூக்குத்தியை. டியூப்லைட் பட்டு மினுங்குகிற அந்தப் புள்ளி கட்டத்துக்குள் இரண்டாகத் தெரியும், இரண்டையும் ஒன்றாக்கினால் கண் தானாகக் கூர்மையில் வந்து நிற்கும். ஒருமுறை ஓர் ஆத்தா, "என்னப்பா, புடிக்கப் போறியா இல்லையா? வண்டி கெளம்பப் போகுது" என்று கேட்டார். அதற்குள் அவரைப் படம் எடுத்து ரோலையும் சுற்றியிருந்தேன். லென்ஸுக்குள் இதழ்களாகத் திறந்து மூடும் இலை ஷட்டரின் சத்தம் அவ்வளவுதான்.

கேனனெட்டின் இந்த வடிவம் 1972இல் வந்தது. 40 மி.மீ. லென்ஸ், ஆறு கண்ணாடிகள். வேகத்தை நாம் வைத்தால் துளையை அதுவே தேர்ந்தெடுக்கும், எந்தத் துளை என்பதை ஜன்னலுக்குள் முள் காட்டும். வெளிச்சம் போதாவிட்டால் தானியங்கியில் ஷட்டர் பூட்டிக்கொள்ளும். புதிதாக வாங்கியவர்கள் இதைப் பார்த்துக் கேமரா கெட்டுவிட்டது என்று ஓடி வருவார்கள். வளையத்தை ‘ஏ’விலிருந்து நகர்த்தினால் போதும், பேட்டரியே இல்லாமல் எல்லா வேகமும் வேலை செய்யும். என்ன, அப்போது மீட்டர் பேசாது, வெளிச்சத்தை நாமே கணிக்க வேண்டும். பிலிம் போடுவதும் சுலபம். நுனியைச் சிவப்புக் குறிவரை இழுத்து வைத்து மூடினால் அதுவே பிடித்துக்கொள்ளும். ஜீப்பின் குலுக்கலில் ரோல் மாற்றியிருக்கிறேன், ஒருதரம்கூட நழுவியதில்லை.

குறை இல்லாமலா? இதன் பழைய பாதரச பேட்டரி, 1.35 வோல்ட், இப்போது விற்பனையில் இல்லை. காது கேட்கும் கருவிக்குப் போடுகிற 675 பேட்டரியை ஒரு வளையத்தோடு போட்டால் மீட்டர் ஓரளவு சரியாகக் காட்டும். பின்மூடியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் கறுப்பு ஸ்பாஞ்ச் எல்லாக் கேமராவிலும் பிசினாக உருகியிருக்கும். அதைச் சுரண்டிவிட்டு வெல்வெட் துணியை ஒட்டுகிறேன். எண்ணெய் கசிந்து ஷட்டர் இதழ்கள் ஒட்டிக்கொள்வதும் இதற்கு வழக்கம். கழுவித் துடைத்தால் சரியாகிவிடும், ஆனால் விலை பேசும்போதே அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது யாஷிகா எலக்ட்ரோ 35. மலைக்கு அந்தப் பக்கம், குமுளி, வண்டிப்பெரியாறு, கட்டப்பனை வீடுகளிலிருந்து என்னிடம் பழுதுக்கு வருபவற்றில் இதுதான் அதிகம். "சேட்டா, இது அச்சன் கல்ஃபில்நிந்நு கொண்டுவந்நதா" என்று பாசத்தோடு மேசையில் வைப்பார்கள். 1966இல் முதல் மாடல் வந்தது, 1973இல் ஜிஎஸ்என். 45 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ், முகங்களை அழகாக எழுதும். துளையை நாம் வைத்தால் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும், மெதுவான பக்கம் முழு 30 நொடிவரை போகும். மஞ்சள் விளக்கு எரிந்தால் கை நடுங்காமல் பிடி என்று பொருள், சிவப்பு எரிந்தால் வெளிச்சம் மிகுதி. மழைக்காலத்தில் லோயர் கேம்ப் வளைவுகளில் மூடுபனி இறங்கி நிற்கும்போது அதன் மீட்டரை நான் முழுசாக நம்புவேன். ஆனால் வேகத்தை நாம் சொல்ல வழியே இல்லை. பேட்டரி தீர்ந்தால் 1/500 ஒன்றுதான் மிஞ்சும், விடிகாலை ஜீப்புக்கு அது எதற்கும் உதவாது. அதன் 5.6 வோல்ட் பேட்டரியும் இப்போது இல்லை, 6 வோல்ட் பேட்டரியை ஸ்பிரிங் வைத்துப் பொருத்துகிறோம். வாங்கும்போது பிலிம் சுற்றும் லீவரைச் சுற்றிக் காது கொடுங்கள். உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் உள்ளிருக்கும் சிறு ரப்பர் துண்டு பொடிந்துவிட்டது, மேல்மூடியைக் கழற்றாமல் முடியாது. உடம்பும் பெரிது, கேனனெட்டைவிட கனம். இரண்டில் ஒன்று என்றால் என் கை கேனனெட்டுக்குத்தான் போகும்.

மினோல்டா ஹை-மேட்டிக் வரிசையும் நல்லதுதான். 1962இல் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் க்ளென் பூமியைச் சுற்றி வந்தபோது கொண்டுபோனது அன்ஸ்கோ பெயரில் விற்கப்பட்ட ஹை-மேட்டிக். கடையில் சாதாரணமாக விற்ற கேமரா விண்வெளிக்குப் போனதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கும். ஒலிம்பஸ் 35 எஸ்பி அதையும்விட நல்ல கண்ணாடி, ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டர்கூட உண்டு. கிடைத்தால் விடாதீர்கள்.

மலிவாக லென்ஸ் மாற்றும் கேமரா வேண்டுமா? சோவியத் சோர்க்கி-4. மாஸ்கோ அருகே கிராஸ்னகோர்ஸ்க்கில் 1956 முதல் 1973 வரை லட்சக்கணக்கில் செய்தார்கள். அதோடு வரும் யூபிட்டர்-8 லென்ஸ், ஜெர்மனியின் ஜெய்ஸ் கம்பெனி செய்த சோனார் லென்ஸின் வழி வந்தது, பின்னணியைக் குழைத்துக் கொடுக்கும் விதம் எனக்குப் பிடிக்கும். இதில் ஒரு கட்டாயம் உண்டு: பிலிம் சுற்றும் குமிழைச் சுற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். முன்னாலேயே திருப்பினால் உள்ளிருக்கும் பல் உடைந்துபோகும். இன்னொன்று, ஷட்டர் துணியால் ஆனது. மூடி போடாமல் லென்ஸ் வெயிலைப் பார்க்கும்படி தோளில் மாட்டிக்கொண்டு கம்பத்து உச்சி வெயிலில் நடந்தால், பூதக்கண்ணாடி காகிதத்தைப் பொசுக்குவதுபோல் துணியில் ஓட்டை விழும். லைக்கா எம் வரிசைக்கும் இதே எச்சரிக்கைதான்.

சரி, லைக்கா. தேனியில் ஒரு நண்பரிடம் எம்3 இருக்கிறது, எப்போது கேட்டாலும் கொடுப்பார். 1954இல் வந்த கேமரா, அதன் ஜன்னலைப்போல ஒன்றை நான் வேறெதிலும் பார்த்ததில்லை. வெளியே தெரியும் உருவம் ஏறக்குறைய அதே அளவில், 0.91 மடங்கில், உள்ளேயும் தெரிகிறது. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே எடுக்கலாம், உலகத்தின்மேல் ஒரு வெள்ளைச் சட்டம் மிதக்கும், அவ்வளவுதான். கட்டத்தின் ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோலத் துல்லியம். 50 மி.மீ.தான் உங்கள் பார்வை என்றால் எம்3 போதும், வேறொன்றும் தேட வேண்டாம். ஜீப்புக்குள், டீக்கடைக்குள், நெருக்கத்தில் நின்று எடுக்கிறவருக்கு இன்னும் அகலமாகப் பார்க்கும் 35 மி.மீ. லென்ஸ் வேண்டும். எம்3இல் அதற்குச் சட்டம் கிடையாது, 1957இன் எம்2இல் உண்டு. எனக்கென்று ஒன்று வாங்கினால் எம்2தான். மீட்டரும் வேண்டும் என்பவருக்கு 1984இன் எம்6. அதை 2022இல் லைக்கா மறுபடியும் செய்யத் தொடங்கியது. எல்லாமே பாடி மட்டும் லட்சத்தைத் தாண்டும், லென்ஸ் தனி. அந்தப் பணத்துக்கு அது ஒரு தலைமுறை தாண்டி உழைக்கும் என்பதும் உண்மை, ஏனென்றால் எம்3, எம்2 இரண்டுக்கும் பேட்டரியே கிடையாது, பிரித்துச் சரிசெய்ய முடியாத பாகமும் அபூர்வம். மினோல்டா சிஎல்இ அப்படியல்ல. 1980களின் அருமையான சின்னக் கேமரா, ஆனால் மின்பலகை போய்விட்டால் அதோடு முடிந்தது.

வாங்கும்போது செய்ய வேண்டியதில் முக்கியமானது இதுதான். ஜன்னல் வழியாகப் பார்த்து, அந்தக் கட்டம் தெளிவாகத் தெரிகிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். மங்கலாக இருந்தால் இரண்டு காரணம். தூசியும் ஆவியும் படிந்திருந்தால் துடைத்துவிடலாம். பாதி பூசிய கண்ணாடியில் பூச்சே உதிர்ந்திருந்தால் துடைப்பதே கேடு, மிச்சமிருப்பதும் கையோடு வந்துவிடும். அப்புறம் லென்ஸின் பின்னாலிருந்து செல்போன் டார்ச்சை அடியுங்கள். உள்ளே சிலந்தி வலைபோல் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. மலைமேல் இருந்து வரும் கேமராக்களில் பாதிக்கு இது இருக்கிறது, ஜூன், ஜூலை ஈரத்தில் தோல் உறைக்குள்ளேயே வைத்திருப்பதுதான் காரணம். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். இணையத்தில் ‘புத்தம் புதுசு மாதிரி’ என்று போட்டு விற்ற ஒருவரிடமிருந்து எனக்கு வந்த கேனனெட்டில் முன்கண்ணாடியே பூஞ்சையால் அரித்திருந்தது, திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார். அதனால் டார்ச் அடித்த படம் அனுப்பாதவரிடம் வாங்காதீர்கள். வாங்கிய பிறகு மூடி இறுகும் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள், மாதம் ஒருமுறை இளவெயிலில் வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

ரோல் பற்றி ஒரு வார்த்தை. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இருந்த காலத்தில் எங்கள் அப்பா இந்து ரோலில்தான் எடுப்பார், நம் தமிழ்நாட்டு மலையிலேயே பிலிம் தயாரானது. அது போனது என்னைப் போன்ற ஸ்டுடியோக்காரனுக்குப் பெரிய வருத்தம். இப்போது நான் போடுவது இல்ஃபோர்டின் கறுப்பு வெள்ளை பிலிம் எச்பி5. கழுவுவது டி-76 என்ற டெவலப்பரில், 20 டிகிரியில் ஏழரை நிமிடம். கம்பத்துச் சித்திரை வெயிலில் குழாய்த் தண்ணீரே அதைத் தாண்டிவிடும், ஐஸ்கட்டி போட்டுத்தான் இறக்க வேண்டும்.

பழைய கேமரா எதையாவது பார்த்து வைத்திருந்தால், பணம் கொடுக்குமுன் கடைக்கு ஒருநடை கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்வதற்குக் காசு வாங்குவதில்லை. பகலில் வாருங்கள். ஃபோகஸை முடிவிலியில் வைத்து மலைமேல் இருக்கும் செல்போன் டவரைக் கட்டத்துக்குள் பார்ப்போம். டவர் ஒன்றாகத் தெரிந்தால் வாங்கிவிடலாம், இரண்டாகத் தெரிந்தால் அதைச் சரிசெய்கிற கூலியை விலையில் கழித்துக் கேளுங்கள்.