மேட்டா, ரிஃபார்மரா: பிலாட்டிஸை எதில் தொடங்குவது?

உடலை நிதானமாகக் கட்டுப்படுத்தி அசைக்கும் உடற்பயிற்சி முறையான பிலாட்டிஸைக் கற்க முன்வருபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, தரையில் மேட் விரித்துச் செய்வதா, ரிஃபார்மர் என்னும் கருவியில் செய்வதா என்பதைத்தான். மேட் எளியது, கருவி தேர்ந்தவர்களுக்கு உரியது என்று பலரும் எண்ணுகிறார்கள். தொடக்க நிலையில் உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது.

இரண்டும் ஒருவரிடமிருந்தே வந்தவை. 1883-இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ், முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் தடுப்பு முகாமில் இருந்த காலத்தில் தம் முறையை வளர்த்தெடுத்தார். 1920-களில் நியூயார்க்கில் குடியேறிப் பயிற்சிக்கூடம் தொடங்கியபின் நடனக் கலைஞர்கள் அவரை நாடி வந்தனர். உடலின் ஒவ்வோர் அசைவும் மனத்தின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்ற கருத்தில் அவர் தம் முறையைக் 'கன்ட்ராலஜி' என்றே அழைத்தார். 1945-இல் வெளியான அவருடைய நூல் விளக்கும் 34 பயிற்சிகளும் மேட்டில் செய்பவையே. ஆகவே மேட்டைக் கருவி வாங்க வசதியில்லாதவர்களுக்கான மாற்று என்று கருதுவது தவறு.

ரிஃபார்மர் என்பது கட்டில் போன்ற ஒரு சட்டம்; அதன் தண்டவாளத்தில் சறுக்கும் பலகையை ஸ்பிரிங்குகள் ஒரு முனையை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். மல்லாந்து படுத்து, பாதங்களைக் குறுக்குக் கம்பியில் ஊன்றித் தள்ளினால் பலகை விலகும். தள்ளுவது யாருக்கும் வரும், திரும்பும்போதுதான் சோதனை. ஸ்பிரிங்கின் இழுப்புக்கு உடலை விட்டுவிட்டால் பலகை 'டக்'கென்று போய் முட்டும். ஆசிரியர் வாய் திறக்கும் முன்பே கருவி பிழையைச் சொல்லிவிடுகிறது. ரிஃபார்மரின் பெரிய பலம் இதுதான் என்பேன்.

தரை அப்படிச் சொல்வதில்லை. 'ஹண்ட்ரட்' என்னும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். மல்லாந்து படுத்துத் தலையையும் தோள்களையும் உயர்த்தி, கால்களை நீட்டித் தூக்கி, கைகளை உடலின் பக்கவாட்டில் மேலும் கீழுமாகச் சிறிதளவு அசைத்தபடி, ஐந்து எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து, ஐந்து எண்ணிக்கைக்கு விட வேண்டும். பத்துச் சுற்றில் நூறு ஆகும். வயிற்றுத் தசைகள் தளர்ந்தவருக்கு நான்காவது சுற்றிலேயே இடுப்பு தரையிலிருந்து வளைந்து எழும், வயிறு புடைக்கும், சுமை முழுவதும் கழுத்துக்குப் போகும். ஆயினும் நூறு வரை எண்ணி முடித்துவிடலாம். கழுத்து வலிக்கும்போதுதான் தவறு தெரியவரும். முழங்காலை மடக்கிக்கொண்டோ, தலையைக் கீழே வைத்துக்கொண்டோ செய்யலாம் என்று சொல்ல ஆசிரியர் அருகில் இருக்க வேண்டும்.

ஸ்பிரிங்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. காலால் தள்ளும்போது கூடுதல் ஸ்பிரிங் கூடுதல் சுமை. பலகையில் கால் ஊன்றிக் கைகளால் உடலைத் தாங்கும் பயிற்சியிலோ குறைந்த ஸ்பிரிங்தான் கடினம், ஏனெனில் பலகை வழுக்கி ஓடாமல் நிறுத்தும் பொறுப்பு முழுவதும் வயிற்றுக்கு வந்துவிடுகிறது. கனமான ஸ்பிரிங்கைப் பெருமையாகக் கருதுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

செலவிலும் இடத்திலும் போட்டியே இல்லை: மேட் வீட்டு மூலையில் சுருண்டு கிடக்கும், ரிஃபார்மர் ஓர் அறையையே கேட்கும்.

உடல்நலப் பலனைப் பொறுத்தவரை இரு தரப்பும் அடக்கமாகப் பேசுவதே நேர்மை. நாள்பட்ட கீழ்முதுகு வலி குறித்து மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, ஏறக்குறைய எதுவும் செய்யாதிருப்பதைவிட பிலாட்டிஸ் மேல் என்றது. மற்ற உடற்பயிற்சிகளைவிட மேல் என்பதற்கு முடிவான சான்று இல்லை என்றும் சொன்னது. இதயத்துக்கு வேண்டிய விறுவிறு நடையை இவை இரண்டும் பொதுவாக ஈடுசெய்வதில்லை. எலும்பின் அடர்த்தி குறைந்து பலவீனமாகும் நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ளவர்கள் முதுகை உருண்டையாக வளைத்துச் செய்யும் பயிற்சிகளை எதிலும் தவிர்ப்பது நல்லது. முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து அவர்களுக்கு உண்டு.

என் பரிந்துரை இது. வசதியுள்ளவர்கள் முதல் சில வாரங்களை ரிஃபார்மரில் கழித்து, இழுப்பைத் தாங்கித் திரும்பும் கட்டுப்பாட்டைப் பழகியபின் அன்றாடப் பயிற்சிக்கு மேட்டுக்கு வரலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே ஸ்பிரிங்கை மாட்டிவிட்டுப் பாட்டுக்கு ஏற்ப விரட்டும் நெரிசலான ரிஃபார்மர் வகுப்பைவிட, ஒவ்வொருவரின் இடுப்பையும் குனிந்து பார்த்துத் திருத்தும் மேட் ஆசிரியரையே தேர்ந்தெடுப்பேன்.