பெங்களூரு ஆட்டோகிராஸ் நண்பர்களுக்கு: ‘செமி ஸ்லிக்’ என்று தலையில் கட்டப்படும் பழைய டயர்கள்

“லேசா ஓடினது சார், இம்போர்ட்டட் செமி ஸ்லிக், 200 ட்ரெட்வேர்.” செமி ஸ்லிக் என்றால் பள்ளம் குறைவான, தரையை நன்றாகப் பிடிக்கும் டயர்; ட்ரெட்வேர் என்பது டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதற்கான எண். இப்படிச் சொல்லி 195/50 ஆர்15 டயர் நாலை 26,000 ரூபாய்க்கு எங்கள் ஆட்டோகிராஸ் (குறுகிய தடத்தில் நேரம் பார்த்து ஓட்டும் கார் போட்டி) குழு நண்பர் ஒருவருக்கு இங்கே ஒரு கடையில் விற்றிருக்கிறார்கள். ரிம்மிலிருந்து கழற்றிப் பார்த்தால் நாலில் ஒன்றுகூட தேறவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோது, “ஃபிட் பண்ணியாச்சு, இனி ரிட்டர்ன் இல்ல” என்று கையை விரித்துவிட்டார்கள். ஃபிட்டிங்கும் பேலன்சிங்கும் இலவசம் என்று அவசரப்படுத்தியது எதற்காக என்பது அப்போதுதான் புரிந்தது.

டயர் தயாரான தேதி, அதன் பக்கவாட்டில் (சைடுவால்) அச்சான டி.ஓ.டி. (DOT) எழுத்துகளின் கடைசி நாலு இலக்கத்தில் இருக்கும். 2316 என்றால் 2016-இன் 23-வது வாரம். இது ஒரு பக்க சைடுவாலில்தான் முழுசாக இருக்கும். மறுபக்கத்தில் எழுத்து பாதியிலேயே நின்றுவிடும். அந்த நாலு டயரிலும் தேதி ரிம்மின் உள்பக்கம் திரும்பியிருந்தது. சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் அவை. அப்படிப்பட்ட டயரை ஒழுங்காக மாட்டினால் காரின் ஒரு பக்கத்தில் தேதி வெளியே தெரிந்தே தீரும். அதை மறைக்க இரண்டு டயரை அம்புக்குறிக்கு எதிராகவே மாட்டியிருந்தார்கள். ஈரத் தரையில் தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய பள்ளம் அப்போது எதிர்த் திசையில் வேலை செய்யும். ஆகவே தேதியைப் பார்க்காமல் ரிம்மில் ஏற்ற விடாதீர்கள். தரையில் படுக்கவைத்து இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பள்ளம். சாலைக்கான எந்தக் கார் டயரிலும் பள்ளத்தின் குறுக்கே, அடியிலிருந்து 1.6 மி.மீ. உயரத்தில் சின்ன வரப்பு இருக்கும். அதுதான் தேய்மான அடையாளம். அது எங்கே என்று காட்ட, டயரின் தோள்பட்டையில் (தரையில் படும் பகுதி பக்கவாட்டோடு சேரும் ஓரம்) சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. எழுத்தோ இருக்கும். நாங்கள் பார்த்த டயரில் முக்கோணம் இருந்தது, நேரே உள்ளே பார்த்தால் வரப்பு இல்லை. தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் பள்ளத்தை ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். டெப்த் கேஜ் வைத்தால் 5.5 மி.மீ. காட்டுகிறது, பார்க்கிறவருக்குப் புதுசு போலத் தெரிகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் வெட்டின் ஓரம் அலை அலையாக இருக்கும், அடிப்பகுதி ஒரே ஆழமாக இருக்காது. ஒரு டயரில் பித்தளை நிறத்தில் மின்னியது ஸ்டீல் பெல்ட்டின் (ரப்பருக்கு அடியில் இருக்கும் எஃகுக் கம்பி அடுக்கு) கம்பி. கார் டயரில் பள்ளத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் மிக மெல்லியது. அதை வெட்டினால் ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். ஸ்லாலோம் (இடம் வலமாக வளைந்து வளைந்து ஓட்டும்) திருப்பத்தில் கட்டை கட்டையாக ரப்பர் பிய்ந்து வரும், பெல்ட்டே பிரியவும் வாய்ப்புண்டு. இது உயிர் போகிற விஷயம், பணத்தோடு முடிவதில்லை.

நகத்தால் அழுத்தினால் பதிகிறது, அப்படியானால் சாஃப்ட் காம்பவுண்டுதான் (மென்மையான ரப்பர் கலவை) என்று நம்ப வேண்டாம். தின்னர் வகை ரசாயனம் தடவி மேல்தோலை இளக்க முடியும். டியூரோமீட்டரில் (ரப்பரின் கடினத்தை அளக்கும் கருவி; எண் கூடினால் கடினம்) அளந்துவிட்டு, பள்ளங்களுக்கு நடுவே உள்ள ஒரு ரப்பர் கட்டையில் உப்புத்தாளால் தேய்த்து மறுபடி வைத்துப் பாருங்கள். நாங்கள் தேய்க்கும் முன் 62, தேய்த்த பின் 78. நல்ல டயரில் இந்த இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். நிழலில், டயர் ஆறிய பிறகு அளக்க வேண்டும். ரப்பரில் உள்ள எண்ணெய்ப்பசை வருஷக்கணக்கில் வெளியேறுவதாலும், சூடாகி ஆறுவது திரும்பத் திரும்ப நடப்பதாலும் டயர் இறுகுகிறது. ஆட்டோகிராஸில் ஒரு ரன் பெரும்பாலும் ஒரு நிமிஷம்தான். டயர் சூடாகவே நேரமில்லாத இடத்தில் இறுகிய ரப்பர் கொஞ்சமும் பிடிக்காது. சர்க்யூட் ரேஸில் ஓடி வந்த பழைய ஸ்லிக்கை (பள்ளமே இல்லாத ரேஸ் டயர்) வாங்குவதும் இதே காரணத்தால் வீண்.

ட்ரெட்வேர் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. அது தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் மதிப்பு, ஒரு கம்பெனியின் 200-ஐ இன்னொன்றின் 200-ஓடு ஒப்பிட முடியாது. “புது இம்போர்ட் ஸ்டாக்” என்றால் கூடுதல் கவனம் தேவை. 2020 ஜூனில் புது டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். சைடுவாலில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். பில்லில் எச்.எஸ்.என். எண்ணை (வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்) பாருங்கள்: புது டயருக்கு 4011, பயன்படுத்தியதற்கும் ரீட்ரேடுக்கும் (தேய்ந்த டயரில் மேல் ரப்பரை மறுபடி ஒட்டியது) 4012. வெறும் துண்டுச் சீட்டு கொடுத்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

அளவிலும் ஏமாற்றுகிறார்கள். அந்த நண்பரின் காருக்கு கம்பெனி அளவு 185/60 ஆர்15, விட்டம் 603 மி.மீ. விற்ற 195/50 ஆர்15 டயரின் விட்டம் 576 மி.மீ. கார் 13 மி.மீ.க்கு மேல் தாழும், ஸ்பீடோமீட்டர் 5 சதவீதம் வரை கூடக் காட்டும். 195/55 ஆர்15 என்றால் 595.5 மி.மீ., சிக்கல் குறைவு. லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையின் குறியீடு) கம்பெனி டயரைவிடக் குறையக் கூடாது.

குறைந்த செலவில் ஆட வேண்டுமென்றால் எங்கள் கணிப்பு இது: இந்தியாவில் தயாரான நல்ல சம்மர் டயர், ஒரு வருஷத்துக்குள் தயாரானது, நாலும் ஒரே மாடல். முன்சக்கர இழுவைக் காரில் முன்னால் மட்டும் சாஃப்ட் போட்டால் திருப்பத்தில் பின்பக்கம் விலகும். நம்மூர் ஆட்டோகிராஸ் நிறைய மண் தரையில்தான் நடக்கிறது. அங்கே செமி ஸ்லிக் எதற்கும் உதவாது. பதிவுக்கு முன் அந்தப் போட்டியின் துணை விதிகளில் தரை எது, எந்த டயர் அனுமதி என்று படித்துவிடுங்கள். தார் தளத்தில் முன்னால் 36 பிஎஸ்ஐயில் தொடங்கி, தோள்பட்டையில் சாக்பீஸ் தடவி ஒரு ரன் போங்கள். முக்கோணத்தைத் தாண்டி சாக் அழிந்தால் 2 பிஎஸ்ஐ ஏற்றுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அந்த டயரில் மேலும் ஓட்டாமல் ரிம்மிலிருந்து கழற்றி, தேதியும் வெட்டும் தெரியப் படம் எடுத்து, பில்லோடு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். புகார் முடியும் வரை டயரைப் பத்திரமாக வையுங்கள். பிறகு குஜ்ரியில் (பழைய சாமான் கடையில்) போடும்போது இரண்டு சைடுவாலையும் கத்தியால் ஆழமாகக் கிழித்துவிட்டே போடுங்கள். முழுசாகப் போட்டால் பாலிஷ் ஏறி வேறொரு கடையில் மறுபடி விற்பனைக்கு வரும்.