ஒரே கருவியில் எல்லா வேலையும்: எந்த கேமில் லாபம்?

ஆன்லைன் ஆர்பிஜி (ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் கேம்) ஆடுபவர்களுக்குப் பையில் இடம் போதவே போதாது. சுரங்கம் தோண்ட ஒன்று, தோலுரிக்க ஒன்று என்று நாலைந்து கருவிகளைச் சுமக்க வைத்துவிட்டு, பிறகு அவற்றையெல்லாம் ஒன்றாக்கும் கருவியையும் கேமே நம் கண்ணில் காட்டும். வாங்கலாமா என்பது, அது எதை மிச்சப்படுத்துகிறது என்பதைப் பொறுத்தது.

வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்டில் 2008-இல் வந்த ரேத் ஆஃப் தி லிச் கிங் என்ற விரிவாக்கப் பதிப்பின் காலத்து க்னோமிஷ் ஆர்மி நைஃப் மிச்சப்படுத்துவது இடத்தை மட்டும்தான். சுரங்கக் கோடாலி, தோலுரிக்கும் கத்தி, சுத்தியல், எஞ்சினியரிங் ஸ்பானர் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆனால் ஒரு கேரக்டருக்கு முதன்மைத் தொழில் இரண்டுதான். மைனிங், ஸ்கின்னிங் எடுத்தவருக்கு இரண்டு கருவி ஒன்றாகும். மிச்சம் ஒரே ஒரு ஸ்லாட், அதாவது பையில் ஒரு பொருள் வைக்கும் கட்டம். அந்தக் காலத்து ஃப்ராஸ்ட்வீவ் பைகள் நான்கு இருந்தாலே, முதுகுப்பையோடு சேர்த்து 96 ஸ்லாட் ஆகிவிடும். அதில் ஒன்றுக்காகச் செலவு செய்வது வீண். கடையில் விற்கும் சாதாரணக் கத்தி சில செப்புக்காசுதான். எஞ்சினியரிங் ஆட்களின் கதை வேறு: அவர்களுக்கு மூன்று நான்கு கருவிகள் ஒன்றாகின்றன. கண்டிப்பாகச் செய்துகொள்ளலாம்.

ரூன்ஸ்கேப்பில் பை மொத்தமே 28 ஸ்லாட். அங்கே ஒரு ஸ்லாட் போவதும் வலிக்கும். 2011-இல் வந்த டூல் பெல்ட் இந்தத் தலைவலியை ஒரேயடியாகத் தீர்த்தது. கருவிகள் பையில் இடம் பிடிக்காமல் இடுப்பிலேயே இருக்கும். இதில் யோசிக்க எதுவுமில்லை. ஆனால் 2007 ஆகஸ்ட் பதிப்பை வைத்து 2013-இல் திறந்த ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் அந்த பெல்ட் கிடையாது. எனவே உண்மையான போட்டி அங்கேதான்.

அங்குள்ள இன்ஃபெர்னல் கோடாலி மரத்தை வெட்டும். வெட்டிய கட்டையை மூன்றில் ஒரு வாய்ப்பில் அங்கேயே எரித்து, ஃபயர்மேக்கிங் (தீ மூட்டும் திறன்) எக்ஸ்பியில், அதாவது அனுபவப் புள்ளியில், பாதியைத் தரும். யூ மரக் கட்டையைக் கையால் எரித்தால் 202.5 எக்ஸ்பி, கோடாலி எரித்தால் 101.25. வெட்டும் வேகம் டிராகன் கோடாலியின் வேகமேதான். வெட்டு எக்ஸ்பி மட்டும் போதுமென்றால் கிரிஸ்டல் கோடாலி இதைவிட வேகம்.

கட்டையை விற்பவருக்கும் வில் செய்பவருக்கும் இது திருடன். 28 கட்டை பையில் சேர சராசரியாக 42 வெட்ட வேண்டும். அவர்களுக்கு டிராகன் கோடாலியும் லாக் பாஸ்கெட்டும் (கட்டைக் கூடை) போதும்: கோடாலி கையில், பாஸ்கெட்டில் 28, பையில் 27, ஆக ஒரு நடைக்கு 55 கட்டை. வெட்டியதைக் கீழே போட்டுவிட்டு எக்ஸ்பி மட்டும் சேர்ப்பவருக்கோ, எப்படியும் வீணாகப் போவதிலிருந்து கிடைப்பதெல்லாம் லாபம்தான்.

அதையும் பெரிதாக எண்ண வேண்டாம். இந்தக் கோடாலியைச் செய்யவே ஃபயர்மேக்கிங் 85-ஆம் லெவல் வேண்டும். அங்கிருந்து உச்ச லெவலான 99-ஐத் தொட ஏறத்தாழ 98 லட்சம் எக்ஸ்பி பாக்கி. முழு 5,000 சார்ஜும் (எரிக்கும் கட்டைக்கு ஒன்று) யூ மரத்திலேயே தீர்ந்தால் வருவது 5 லட்சத்துச் சொச்சம். செய்தபின் கோடாலியை விற்கவும் முடியாது. மறுபடி சார்ஜ் ஏற்ற இன்னொரு டிராகன் கோடாலியோ ஸ்மோல்டரிங் ஸ்டோன் என்ற கல்லோ பலி கொடுக்க வேண்டும். ஏற்கெனவே 99 எடுத்தவர் அப்படி எதையும் பலி கொடுக்கவே வேண்டாம். சார்ஜ் தீர்ந்தாலும் அது சாதாரண டிராகன் கோடாலியாக வெட்டிக்கொண்டே இருக்கும்.